இறக்கத்தில் ஏ.டி.வி.: எஞ்சின் பிடி விடுவது ஏன், சக்கரம் பிடி விடுவது ஏன்?

ஏலச்சரிவு:

அனைவருக்கும் வணக்கம். போடிமெட்டுக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உள்ளது. உர மூட்டைகளை மேலே ஏற்றவும், காய் எடுப்புக் காலத்தில் பச்சைக்காயைக் கீழே ஸ்டோருக்கு இறக்கவும், இரண்டு ஆண்டுகளாக ஒரு பழைய ஏ.டி.வி.யை (பைக்போல் கைப்பிடி பிடித்துக் கரட்டு மண்ணில் ஓட்டும் நான்கு சக்கரச் சிறுவண்டி) தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டிவருகிறோம். பெல்ட்டில் ஓடும் தானியங்கி வண்டி அது. ஹை, லோ என இரண்டு நிலைகளும் ஃபோர்வீல் பொத்தானும் உண்டு. கோளாறு வண்டியினுடையதா, என் பராமரிப்பினுடையதா என்பது தெளிவாகாத நிலையில் வண்டியின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை.

மேல்பாத்தியிலிருந்து ஸ்டோர் வரை மொத்த இறக்கம் 110 மீட்டர். நடுவில் ஓரிடத்தில், கிடைமட்டமாக 80 மீட்டர் போவதற்குள் பாதை 20 மீட்டர் இறங்குகிறது. நீர்மட்டக் குழாய் வைத்து அளந்தேன், நாலுக்கு ஒன்று. சென்ற வாரம், சாரல் ஓய்ந்த காலையொன்றில் லோவில் போட்டு, ஃபோர்வீல் பொத்தானை அழுத்தி, கட்டைவிரலை ஆக்சிலேட்டரிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இறங்கினேன். முதல் இருபதடி தூரம் எஞ்சின் நன்றாகவே இழுத்துப் பிடித்தது. ஒரு பாறைப் படியில் சக்கரம் ஏறி இறங்கியபோது வேகம் நடைவேகத்துக்குக் குறைந்தது. அந்தக் கணத்தில் எஞ்சின் ஒலி ஐடிலுக்கு இறங்கியது. வண்டி அவிழ்த்துவிட்ட கன்றைப்போல் முன்னே பாய்ந்தது.

பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரங்கள் சுழலாமல் நின்று களிமண்ணில் வழுக்கின. பிரேக்கைத் தளர்த்தி ஆக்சிலேட்டரைச் சற்றே தொட்டதும் எஞ்சின் மீண்டும் பற்றிக்கொண்டது. ஆனால் கட்டைவிரலை எடுத்தவுடன் பின்பகுதி வலப்புறம் சுழன்று, வண்டி பாதைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு பலாவேரில் முட்டி நின்றதால் புரளவில்லை. பின்னால் 50 கிலோ மூட்டை ஒன்று இருந்தது.

என் கேள்விகள் இரண்டு. லோ நிலையில் இருந்தும் எஞ்சின் ஏன் கைவிட்டது? மீண்டும் பற்றியபோது பின்பக்கம் ஏன் சுழன்றது?

பெல்ட்டும் புல்லியும்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இவ்வகை வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதே என் அன்றாட வேலை.

கியர் வண்டியில் கிளட்சை மிதிக்காதவரை சக்கரமும் எஞ்சினும் பற்களால் கோத்துக்கொண்டே இருக்கும். பெல்ட் வண்டியில் அந்தக் கோர்ப்பு நிரந்தரமானதன்று. எஞ்சின் பக்கத்துப் புல்லியில் மையவிலக்கு விசையால் விரியும் எடைத்துண்டுகள் உள்ளன. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தைத் தாண்டும்போதுதான் அவை விரிந்து, புல்லியின் இரு கன்னங்களையும் நெருக்கி, பெல்ட்டைக் கவ்வச்செய்யும். அந்த வேகத்துக்குக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் கன்னங்களைப் பிரித்துவிடும். பெல்ட் தளர்ந்து கிடக்கும். நீங்கள் லோவில் இருந்தாலும் ஹையில் இருந்தாலும், அந்நிலையில் வண்டி நியூட்ரலில் இருப்பதற்குச் சமம். பாறைப் படியில் வேகம் குறைந்ததும் நடந்தது அதுவே. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் எடைகள் மறுபடி விரிந்தன, பெல்ட் பற்றியது.

இந்தக் குறையைத் தயாரிப்பாளர்கள் அறிவார்கள். அதனால் பல வண்டிகளில் எஞ்சின் புல்லியின் நடுத்தண்டில் ஒருவழி பேரிங் ஒன்றைப் பொருத்துகிறார்கள். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது பெல்ட் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இறக்கத்தில் சக்கரம் பெல்ட்டைத் தள்ளும்போது அந்தப் பேரிங் பூட்டிக்கொண்டு எஞ்சினைச் சுழற்றவைக்கும். பின்புல்லியின் சாய்வு விளிம்பும் பெல்ட்டை இறுக்கித் துணைசெய்யும். யமஹாவின் அல்ட்ராமேட்டிக் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அதில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். எண்ணெயில் ஊறிய மையவிலக்கு கிளட்ச் தனியே உண்டு. ஆக்சிலேட்டரை விட்டவுடன் ஒருவழி கிளட்ச் பூட்டிக்கொள்ளும். ஹோண்டாவின் ஃபோர்மேன், ரான்ச்சர் வரிசைகளில் பல வண்டிகள் பெல்ட்டே இல்லாமல் கியர்களில் ஓடுபவை என்பதால், இறக்கத்தில் அவற்றின் குணம் ஜீப்பை நெருங்கி வரும்.

உங்கள் வண்டி முதல் இருபதடிக்குப் பிடித்தது என்கிறீர்கள். அந்த இருபதடியிலும் எஞ்சின் வேகம் பற்றும் எல்லைக்கு மேலேயே இருந்திருக்கலாம். எனவே இரண்டு வாய்ப்புகள்: உங்கள் வண்டியில் ஒருவழி பேரிங் இல்லை, அல்லது இருந்தும் தேய்ந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்றையும் பாருங்கள். சமீபத்தில் ஓடையில் இறக்கினீர்களா? பெல்ட் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் கண்ணாடியில் வைத்த சோப்புபோல் வழுக்கும். உறையின் அடியில் வடிகால் மூடி இருக்கும். அதைக் கழற்றி, வண்டியை நியூட்ரலில் வைத்து மிதமாக எஞ்சினை ஓட்டினால் காற்றோட்டத்தில் பெல்ட் உலர்ந்துவிடும்.

உறையைத் திறந்ததும் பெல்ட்டின் மேல்அகலத்தை வெர்னியரில் அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கும். பற்றவேண்டிய இடத்தில் பற்றாது.

கொண்டை ஊசி:

தொழில்நுட்பம் அருமை. ஆனால் ஓட்டுமுறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலையில் பிரேக்கை நம்பக் கூடாது, எஞ்சினை நம்ப வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை கார்கள் பிரேக் காய்ந்து போயிருக்கின்றன என்பது நீலகிரியில் உள்ள எவருக்கும் தெரியும். அவ்வழியே வெளியூர்ச் சுற்றுலா வாகனங்கள் இறங்குவதைத் தடுத்திருப்பதும் அதனால்தான்.

1,500 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 14.7 மெகாஜூல். அத்தனையையும் நான்கு பிரேக்குகளில் கொட்டினால் வெப்பம் எங்கே போகும்? பிரேக் எண்ணெயில் டாட் 3 என்ற தரவகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஈரம் இழுத்த பின் 140 டிகிரியே போதும். டாட் 4 எண்ணெய்க்கு இவை 230, 155. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே ஏலச்சரிவு அவர்களே, நீங்கள் பிரேக்கைத் தொட்டதே தவறு. கியரில் மட்டும் இறக்கிப் பழகுங்கள்.

சரிவுக்கணக்கு:

கொண்டை ஊசி அவர்களின் கணக்கு தார்ச்சாலைக்கும் நீண்ட இறக்கத்துக்கும் முற்றிலும் சரி. ஈரக் களிமண்ணில் 80 மீட்டர் இறங்கும் ஒரு சிறு வண்டிக்கு அதையே பொருத்தினால் ஆபத்து. இங்கே முதலில் தீர்ந்துபோவது டயரின் பிடிமானம். பிரேக்கின் சூட்டுக்கு அதற்குள் நேரமே வராது. இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சக்கரத்தைத் தடுப்பது பிரேக் வட்டா, எஞ்சினா என்பது டயருக்குத் தெரியாது. மண்ணோடு அது பற்றியிருக்கும் அளவுக்குத்தான் தடுப்பு விசை கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் வழுக்கும். எஞ்சின் வழியாகக் கேட்டாலும் வழுக்கும். வழுக்கும் டயர் நேராகப் பிடிப்பதை இழப்பதோடு நிற்காது, பக்கவாட்டில் பிடிப்பதையும் இழந்துவிடும்.

இப்போது எண்கள். வண்டி, ஓட்டுநர் இருவரும் சேர்ந்து 420 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1.25 மீட்டர், எடைமையம் சரிபாதியில் 0.65 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் முன்னும் பின்னும் 210 கிலோ வீதம். நாலுக்கு ஒன்று என்ற இறக்கம் ஏறத்தாழ 14 டிகிரி. அதில் மூக்கைக் கீழே வைத்து இறங்கும்போது எடை முன்னால் சரிகிறது. பின்சக்கரங்களின்மேல் அழுத்துவது சுமார் 150 கிலோவாகக் குறைந்து, முன்சக்கரங்களின்மேல் 257 கிலோவாகக் கூடுகிறது. வேகம் கூடாமல் வண்டியைப் பிடித்துவைக்கத் தேவையான விசை, 100 கிலோ எடையைத் தூக்குவதற்கு நிகரானது.

நான்கு சக்கரங்களும் பங்கிட்டுத் தடுத்தால், மண்ணுக்கும் டயருக்கும் இடையே உராய்வு எண் 0.25 இருந்தால் போதும். எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் தடுத்தால், 150 கிலோ அழுத்தத்திலிருந்து 100 கிலோ விசையைப் பிழிந்தெடுக்க வேண்டும். அதற்கு உராய்வு எண் 0.67 வேண்டும். காய்ந்த கெட்டித் தரையில் அது கிடைக்கலாம். நனைந்த களிமண்ணில் 0.3 கிடைப்பதே பெரிது.

ஏலச்சரிவு அவர்களின் வண்டியில் பின்பக்கம் சுழன்ற காரணம் இதுவே என்று கருதுகிறேன். எஞ்சின் மீண்டும் பற்றியபோது, லோ நிலையின் முழு இழுப்பும் எடை குறைந்த பின்சக்கரங்களுக்கு மட்டும் போயிருக்கிறது. அவை வழுக்கின, பக்கப்பிடியும் போயிற்று, பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்த்தது. பின்னால் இருந்த 50 கிலோ மூட்டை பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் தந்திருக்கும் என்றாலும், சுழலத் தொடங்கிய பின் அந்த எடையே சுழற்சியை வளர்த்திருக்கும். அப்படி நேரும்போது இயல்பாகத் தோன்றும் செயலுக்கு நேர்மாறானதைச் செய்ய வேண்டும்: ஆக்சிலேட்டரை மிக இலேசாகக் கொடுத்துப் பின்சக்கரங்களை மீண்டும் உருளவிட்டு, கைப்பிடியை நேர்க்கீழாக வைத்து, முன்பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு விட வேண்டும்.

கொண்டை ஊசி:

அவர் ஃபோர்வீல் பொத்தானை அழுத்தியதாக எழுதியிருக்கிறாரே? பின்சக்கரம் மட்டும் தடுத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பெல்ட்டும் புல்லியும்:

அந்தப் பொத்தானைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஃபோர்வீல் விளக்கு எரிவதும், முன்சக்கரம் எஞ்சினால் தடுக்கப்படுவதும் ஒன்றல்ல. என்னிடம் வண்டி கொண்டுவருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் இதை ஒன்றென்றே நினைத்திருக்கிறார்கள்.

பொலாரிஸ் வண்டிகளில் முன்சக்கரங்களுக்கான கியர்பெட்டியில் இருப்பது உருளைகள் கொண்ட ஒருவழிக் கிளட்ச். பின்சக்கரம் வழுக்கி முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும்போதுதான் உருளைகள் சிக்கிக்கொண்டு முன்சக்கரத்துக்கு விசை போகும். ஏற்றத்தில் அது மிக நல்ல ஏற்பாடு. திருப்பத்தில் கைப்பிடி இலேசாக இருக்கும். ஆனால் இறக்கத்தில் முன்சக்கரம் தானே உருண்டு ஓட விரும்புகிறது, எஞ்சினோ பின்னால் இழுக்கிறது. சாதாரண ஃபோர்வீல் நிலையில் அந்த உருளைகள் சிக்காது, முன்சக்கரம் கட்டற்று உருளும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் தடுப்பு வேண்டும் என்பதற்காகவே அதே நிறுவனம் சில வகைகளில் ஏ.டி.சி. என்ற இறக்கக் கட்டுப்பாட்டைத் தனியே கொடுக்கிறது. யமஹா கிரிஸ்லியில் ஃபோர்வீல் போட்டால் முன்சக்கரமும் எஞ்சினோடு நேரடியாகக் கோக்கப்படுவதால் தடுப்பு நான்குக்கும் போகும். ஏலச்சரிவு அவர்களின் வண்டி எவ்வகை என்பதை அவர்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. இலேசான சரிவில், தளர்ந்த சரளைமேல், ஃபோர்வீல் போட்டு மெதுவாக இறங்கி, ஆக்சிலேட்டரைச் சட்டென விடுங்கள். இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடத்தில் மட்டும் சரளை கலைந்திருந்தால், உங்கள் முன்சக்கரம் இறக்கத்தில் வேலை செய்யவில்லை.

கொழுக்குமலைத் தடம்:

ஐயாமார்களுக்கு வணக்கம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போகும் வழி கேரளப் பக்கத்திலிருந்துதான். பாறையும் பள்ளமுமான பாதை.

எங்கள் வண்டியில் லோ போட்டு முதல் கியரில் இறக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். முன் புரொப்பல்லர் தண்டும் பின் தண்டும் ஒன்றாகவே சுழல வேண்டும் என்பதால் முன்அச்சோ பின்அச்சோ தனியாக ஓட முடியாது. கணக்கு எழுதிய ஐயா சொன்னதை நாங்கள் எண்ணில் சொல்ல மாட்டோம், ஆனால் அனுபவத்தில் அதுவே. ஃபோர்வீல் போடாமல் இரண்டாம் கியரில் இறங்கிய வண்டியின் பின்பக்கம் மழைநாளில் எப்படி வீசும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இடது காலைத் தரையில் வைக்கத்தான். பயத்தில் கிளட்சை மிதிப்பார்கள்; மிதித்த நொடியில் வண்டி கையைவிட்டுப் போகும். உங்கள் பெல்ட் வண்டி உங்களைக் கேட்காமல் தானே கிளட்சை மிதித்திருக்கிறது. அதனால் உங்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: பாறைப் படியில் சக்கரம் முட்டி வேகம் சாகும் இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தானே? அந்த இடம் வருமுன்னரே பிரேக்கில் இரண்டு விரல் இருக்க வேண்டும். படியில் தொப்பென்று விழவிடாமல், பிரேக்கில் தாங்கி, முட்டையை இறக்குவதுபோல் இறக்க வேண்டும்.

மலைஸ்கூட்டர்:

இதைப் படிக்கையில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கியரில்லாத ஸ்கூட்டரில் இறங்குவோரை நினைத்துக்கொண்டேன். அதுவும் பெல்ட் வண்டிதான். பின்சக்கரத்தருகே மையவிலக்கு கிளட்ச் இருக்கிறது. வேகமாக இறங்குகையில் சிறிது எஞ்சின் பிடிப்பு உண்டு. வளைவுக்காக வேகத்தை நன்கு குறைத்தவுடன் கிளட்ச் கட்டைகள் சுருங்கி, ஸ்கூட்டர் சைக்கிள்போல் ஓடத் தொடங்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஒவ்வொன்றின் நுனியிலும் இது நடக்கிறது. ‘மெதுவாகத்தானே போகிறோம், எஞ்சின் பிடிக்கும்’ என்று நம்புபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஏலச்சரிவு:

ஒவ்வொரு பதிலையும் மூன்று முறை படித்தேன். கொழுக்குமலைத் தடம் அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டு விரலை இனி மறக்க மாட்டேன்.

ஒரு துணைக்கேள்வி. எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படுவதால்தான், அதாவது கம்ப்ரஷனால்தான், வண்டி பிடிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் அதிகக் கம்ப்ரஷன் உள்ள டீசல் ஜீப் பெட்ரோல் ஏ.டி.வி.யைவிட நன்றாகப் பிடிக்க வேண்டும், சரிதானா?

சரிவுக்கணக்கு:

பரவலான நம்பிக்கை அது, பாதிதான் உண்மை. அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி. பிஸ்டன் மேலே போகையில் ஆற்றலை வாங்கும், கீழே வருகையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் உண்மையான தடுப்பு மூடிய த்ராட்டிலிலிருந்து, அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் வாயை மூடித் திறக்கும் தகட்டிலிருந்து, வருகிறது. மூடிய வாயின் வழியே காற்றை உறிஞ்ச பிஸ்டன் பாடுபடுகிறது. கீற்றுக்குழாயை விரலால் அடைத்து உறிஞ்சிப் பாருங்கள், புரியும். அதோடு பிஸ்டன், பேரிங், எண்ணெய் பம்பு ஆகியவற்றின் உராய்வும் சேர்கிறது. வழக்கமான டீசலில் த்ராட்டில் அடைப்பு இல்லாததால், அதன் பிடிப்பு பெரும்பாலும் உராய்வும் கியர் விகிதமும் தருவதுதான்.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. டீசல் எஞ்சின்களுக்குப் பெயர்பெற்ற கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் ஒரு டீசல் லாரியில் இறங்குகையில் பிரேக் போய், கீழே ரயில்பாதைக் கடவில் ஒரு சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த நிகழ்ச்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. ஓய்வுபெற்ற பின் அவர் வடிவமைத்த எஞ்சின் பிரேக் 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. ஜேக் பிரேக் என்று லாரிக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதன் உத்தி என்ன? பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சிக்கு வந்ததும் வெளியேற்று வால்வைத் திறந்து, அழுத்திய காற்றை வெளியே விட்டுவிடுவது. ஸ்பிரிங் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போகிறது. கம்ப்ரஷன் மட்டுமே போதுமாக இருந்திருந்தால் அவருக்கு அந்த வால்வு தேவைப்பட்டிருக்காது.

லோ நிலையின் பயனும் இதிலிருந்து விளங்கும். எஞ்சினின் தடுப்பு தன்னளவில் சிறியது. சக்கரம் ஒரு முறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டியிருக்கிறதோ, அத்தனை மடங்கு அது சக்கரத்தில் பெருகும். அந்தப் பெருக்கத்தாலேயே ஈரமண்ணில் அது அளவுக்கு மீறியும் போகும்.

பெல்ட்டும் புல்லியும்:

டயரையும் பாருங்கள். ஏ.டி.வி. டயரில் காற்று பெரும்பாலும் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் மானியில் அந்த அளவைச் சரியாகப் பார்க்கவே முடியாது. அங்கே காற்றடித்தவர்கள் 15, 20 என்று ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். டயர் பந்துபோல் உருண்டு, நடுவில் ஒரு கைப்பட்டை அகலத்தில்தான் மண்ணைத் தொடும். குறைந்த அழுத்தத்துக்கென்று தனி மானி விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சின் இரு டயர்களிலும் ஒரே சீராக இருப்பது மிக முக்கியம். இடமும் வலமும் 2 பி.எஸ்.ஐ. வேறுபட்டாலே பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வடக்குச்சரிவு:

இறக்கத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஏற்றத்தில் பாதியில் நின்றுபோவதைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன், ஏனெனில் அதே ஒருவழி பேரிங் அங்கே உதவாது. வண்டி பின்னோக்கி உருளும்போது அது எதிர்த்திசையில் சுழலும், பூட்டாது. ஏற்றத்தில் இழுவை போய் நின்றால், பின்னோக்கி உருளுமுன் பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பூட்டைப் போட்டு, மேல்பக்கமாக இறங்கிவிடுங்கள். உருளத் தொடங்கிவிட்டால் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து முன்பிரேக்கைத்தான் படிப்படியாகப் பிடிக்க வேண்டும். பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால், கீழ்ப்பக்கம் இருக்கும் பின்சக்கரம் நின்று, முன்பக்கம் எழுந்து, வண்டி ஓட்டுநர்மேலேயே கவிழும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே கைப்பிடி உள்ள வண்டியானால் மிக மென்மையாகப் பிடியுங்கள்.

கொண்டை ஊசி:

சரிவுக்கணக்கு அவர்களின் எண்களை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. பிரேக்கைத் தொட்டதே தவறு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தார்ச்சாலையில் கற்றதை அப்படியே மண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏலச்சரிவு:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

உறையைத் திறந்தோம். அடியில் சேறு கலந்த தண்ணீர் அரை டம்ளர் இருந்தது. ஒருவழி பேரிங் இருந்தது. ஆனால் இரு திசையிலும் தடையின்றிச் சுற்றியது. வெளியே எடுத்து விரலில் உருட்டியபோது உருளைகளில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள். பெல்ட்டின் அகலமும் கையேட்டு எல்லைக்குக் கீழே போயிருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டோம். காற்று முன்சக்கரங்களில் 12 பி.எஸ்.ஐ. இருந்தது, கையேட்டின்படி 5 ஆக்கினேன்.

சரளைச் சோதனையையும் செய்தேன். பின்தடத்தில் மட்டுமே சரளை கலைந்தது. ஆக, இந்த வண்டியில் ஃபோர்வீல் போட்டாலும் இறக்கத்தில் எஞ்சின் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பேரிங்கை மாற்றியதால் அந்தப் பிடி முன்னைவிட உறுதியாகிவிட்டது. களிமண்ணில் பின்பக்கம் சுழலும் வாய்ப்பும் அதனால் கூடியிருக்கிறது என்பது இந்த இழையைப் படித்திராவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

எனவே பாதையை மாற்றினோம். நாலுக்கு ஒன்றாக நேரே இறங்கிய 80 மீட்டரை, இரண்டு திருப்பங்களோடு 133 மீட்டராக நீட்டி வெட்டினோம். சரிவு 25 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. சரிவுக்கணக்கு அவர்களின் முறையிலேயே போட்டுப் பார்த்ததில், பின்சக்கரம் மட்டும் பிடிக்கத் தேவையான உராய்வு எண் 0.67இலிருந்து 0.36க்கு வருகிறது. மழைக்கு அதுவும் போதாது என்பதால் இரண்டு திருப்பங்களிலும் உடைகல் பரப்பி, மேல்பக்கம் குறுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். பாறைப் படியைக் கடப்பாரையால் பெயர்த்தெடுத்தாகிவிட்டது.

தொடர்மழை நாளில் ஏ.டி.வி. மேலே போகாது. மூட்டைகள் அன்று ஜீப்பில் சுற்றுவழியாக வரும். நாற்பது நிமிடம் கூடுதல். வண்டியை எங்களைவிட அதிகம் ஓட்டுபவர் தோட்டத்தில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பையன். அவனை முதல் மூன்று நாள் வெறும் வண்டியோடு, நான் கூடவே நடந்து, புதுப்பாதையில் இறக்கவைத்தேன்.

கொழுக்குமலைத் தடம்:

திருப்பத்தில் உடைகல் போட்டது நல்லது தம்பி. கல்லை உருளையோ ஜீப்போ விட்டு அழுத்தினீர்களா? அழுத்தாத கல் முதல் மழையிலேயே வண்டிக்கு முன்னால் கீழே போய் நிற்கும்.

ஏலச்சரிவு:

அழுத்தவில்லை அண்ணா. நாளைக் காலையில் ஜீப்பை வரச்சொல்லியிருக்கிறேன்.